வாசகர் கேள்வி-பதில்: மேசை ஏறும் கோப்புகள்

கேள்வி: குரூப் 4 தேர்வு எழுதி, வட்டாட்சியர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து ஓராண்டு ஆகப்போகிறது. நாள் முழுவதும் எழுதுகிறேன். எதையும் நான் முடிவு செய்வதில்லை. என் குறிப்பு துணை வட்டாட்சியர், வட்டாட்சியர் என்று மேசை ஏறிவிட்டுத் திருத்தத்தோடு என்னிடமே திரும்புகிறது. இதில் என்னுடைய வேலை என்று எதைச் சொல்வது? – ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்.

பதில்: சலிப்பு நியாயமானதுதான். ஆனால் அந்த மேசைகள் எதற்காக வந்தன என்பதையும் பார்க்க வேண்டும். 1980 வரை நம் ஊர்களில் கர்ணம் என்னும் ஊர்க் கணக்குப்பிள்ளைப் பதவி நடைமுறையில் குடும்பச் சொத்தாகவே இருந்தது. தம் வயலின் அடங்கலை, அதாவது சாகுபடிக் கணக்கைப் பார்க்க விரும்பியவர், கணக்குப்பிள்ளை வீட்டுத் திண்ணையில் அவர் மனம் இளகும்வரை காத்திருந்தார். அந்த ஆண்டு நவம்பரில் அவசரச் சட்டத்தால் அப்பதவிகள் ஒழிக்கப்பட்டு, பின்னர் தேர்வாணையத்தின் வழியே கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அலுவலகம் வேறு, அலுவலரின் வீடு வேறு என்று பிரிவதை நவீன நிர்வாகத்தின் முக்கிய அடையாளங்களுள் ஒன்றாகக் கருதினார் ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர். அந்தப் பிரிவு கர்ணத்தின் திண்ணைக்கு 1980-இல்தான் வந்து சேர்ந்தது.

இனி அதன் மறுபக்கம். டாட்டன்ஹாம் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயரால் வழங்கும் அலுவலக முறையைத்தான் நீங்கள் இன்றும் பின்பற்றுகிறீர்கள்: வரும் தபாலுக்கு ந.க. எண் என்னும் பதிவு எண், உங்கள் பெயரில் ஒரு தன்பதிவேடு, குறிப்புக் கோப்பு, நடப்புக் கோப்பு, இறுதியில் எத்தனை ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்பதற்கேற்ப ஒரு முடிவுக் குறி. தாள் என்று வந்தது, யாரிடம் போனது, என்று முடிந்தது என்பவற்றைத் தன்பதிவேடு கேட்கும். வயலுக்குத் தண்ணீர் போனதா என்று கேட்காது. கன்னடியன் கால்வாயிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலில் ஆக்கிரமிப்பு என்று ஒரு விவசாயி திங்கட்கிழமை திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் இருக்கும் கொக்கிரகுளத்தில் மனுக் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆட்சியர் அலுவலகம் அதை வட்டாட்சியருக்கு அனுப்பும். வட்டாட்சியர் நீர்வளத் துறைக்கு அனுப்புவார். அத்துறையோ அளந்து எல்லை காட்டினால் அகற்றுவோம் என்று வட்டாட்சியருக்கே எழுதும். ஒவ்வொரு பதிவேட்டிலும் மனு 'முடிந்தது' என்று ஏறிவிடும்; பிசானப் பருவ நெல் நாற்று மட்டும் காயும். இதில் சோம்பேறி என்று ஒருவரையும் கைகாட்ட முடியாது. செய்து தவறியவருக்குத் தணிக்கைத் தடையும் ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) குறிப்பாணையும் காத்திருக்க, செய்யாமல் அனுப்பி வைத்தவரை யாரும் கேட்பதில்லை என்றால், எவருமே அனுப்பி வைப்பதைத்தான் வேலையாகக் கொள்வார்கள்.

உங்களுடையது எது என்றால், அந்த முதல் குறிப்பு. வட்டாட்சியர் களத்தைப் பார்ப்பதற்கு முன் உங்கள் எழுத்தைத்தான் பார்க்கிறார். 'உரிய நடவடிக்கைக்குப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது' என்று முடிக்காமல், புல எண், புலப்பட நகல், கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை ஆகியவற்றைச் சேர்த்து, குறுவட்ட அளவர் எந்தத் தேதிக்குள் அளக்க வேண்டும் என்றும் எழுதிப் பாருங்கள். திருத்தம் வரத்தான் செய்யும். ஆனால் அது சொல்லைத் திருத்துவதாக இருக்கும். கோப்பு போகும் திசையை மாற்றுவது எளிதல்ல.

கேள்வி: தென்காசி தனி மாவட்டமான பிறகும் எங்கள் மனுக்கள் விரைந்து முடிவதில்லையே? – ஒரு வாசகர், செங்கோட்டை.

பதில்: 2019 நவம்பர் 22 முதல் நீங்கள் கொக்கிரகுளத்துக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை. குறைந்தது தூரம்தான், மேசைகளின் எண்ணிக்கை அல்ல.

கேள்வி: நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். எங்கள் அம்மா வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறாள். மேலாளர் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை. ஆனாலும் கடைக்குப் போகும் நேரம் நெருங்கினால் அவள் முகம் மாறிவிடுகிறது. அமைப்பே இல்லாத வேலையில் ஏன் இந்த அச்சம்? – ஒரு வாசகி, முக்கூடல்.

பதில்: அமைப்பு இருக்கிறது, தாயே, உங்கள் வீட்டு வாசலுக்கு வெளியே நிற்பதால் தெரியவில்லை. கம்பெனி, ஒப்பந்தக்காரர், கடை, அங்கே கட்டுகளைப் பிரித்துப் பார்ப்பவர் என்று அதற்கும் படிகள் உண்டு. இலையும் தூளும் அங்கே எடைபோட்டுத் தரப்படுகின்றன. ஓட்டை இலை அதிகமாக வந்தால் குறையும் எண்ணிக்கைக்குத் தன் காசில் இலை வாங்குபவள் உங்கள் அம்மா; கடையில் கழிவு என்று ஒதுக்கினால் கூலியை இழப்பவளும் அவளே. உங்கள் வங்கியில் ஒரு முடிவுக்குக் காரணம் கேட்டு எழுதலாம், மேல்முறையீடு செய்யலாம். கடையில் கழிவு என்பது ஒரு கையசைவோடு முடிந்துவிடும். எந்தத் தாளிலும் அதற்குக் காரணம் இராது. அம்பாசமுத்திரத்து வாசகி அலுத்துக்கொள்ளும் அதே எழுத்து, இங்கே இல்லாததால்தான் இந்த நடுக்கம்.

பீடித் தொழிலாளர்களுக்கென 1966-இல் இயற்றப்பட்டு 2025 வரை நடப்பில் இருந்த சட்டம் வீட்டிலிருந்து சுற்றுவோருக்கும் பொருந்தும் என்று 1974-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் இத்தகைய பாதுகாப்பைப் பெறப் பெயர் ஏட்டில் இருக்க வேண்டும்; வேறொருவர் பாஸ் புத்தகத்தில் சுற்றுபவர் வைப்பு நிதிக் கணக்கில் வரமாட்டார். அம்மாவின் பாஸ் புத்தகத்தை வாங்கி, அதிலுள்ள பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் 58 வயதில் ஓய்வூதியம் கேட்கப் போகும்போது அலையாமல், இப்போதே கடை மூலம் திருத்தத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.