இந்தியப் பாஸ்போர்ட்டோடு இங்கிலாந்தில் ஓட்டுப் போடலாமா?

தம்பி, கவுன்சிலிலிருந்து வந்த வாக்காளர் படிவத்தைப் பார்த்துவிட்டு, "விசாவில் இருக்கும் எங்களிடம் ஏன் கேட்கிறார்கள், நிரப்பினால் பின்னால் வம்பாகுமா? பக்கத்து வீட்டுக்காரர் கட்சி நோட்டீஸ் போட உதவிக்குக் கூப்பிடுகிறார், போகலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். படிவத்தைத் தாராளமாக நிரப்புங்கள். நோட்டீஸ் போடவும் தாராளமாகப் போங்கள்.

இந்தியா காமன்வெல்த் நாடு. அதனால் செல்லுபடியாகும் விசாவோடு இங்கே குடியிருக்கும் இந்தியக் குடிமக்கள், நாடாளுமன்றத் தேர்தல் உட்பட எல்லாத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். உங்கள் மனைவிக்கு நர்ஸ் வேலை விசா, உங்களுக்கு டிபெண்டன்ட் விசா. இருவருக்குமே உரிமை உண்டு. இலங்கை, மலேசியாக்காரர்களுக்கும் இப்படித்தான். நான் வந்த புதிதில் இதை நம்பாமல் படிவத்தை மூன்று மாதம் ஃபிரிட்ஜ் மேலேயே போட்டு வைத்திருந்தேன்.

கட்சி வேலைக்கு முதலில் போனது 2021 டிசம்பரில், எங்கள் வடக்கு ஷ்ராப்ஷயர் இடைத்தேர்தலின்போது. கிட்டத்தட்ட 23,000 ஓட்டு வித்தியாசத்தில் கன்சர்வேட்டிவ் கட்சி வைத்திருந்த தொகுதி. அதை லிபரல் டெமாக்ரட் 5,925 ஓட்டு வித்தியாசத்தில் பிடித்தது. நான் யாருக்காக நடந்தேன் என்பதை விடுங்கள், அதைப் பற்றி எங்கள் ஊரில் போதுமான அளவு பேசியாகிவிட்டது.

நம் ஊர்போல் தெருமுனையில் நின்று நூறு பேர் கையில் நோட்டீஸைத் திணிக்கும் வேலை இல்லை இது. ஒரு பண்ணைவீட்டுக்குக் கால் மைல் சேற்றில் நடக்க வேண்டும். நாலு மணிக்கே இருட்டிவிடும். இரண்டு மணி நேரத்தில் முப்பது வீடு முடித்தால் பெரிய விஷயம். கதவில் இருக்கும் தபால் துளைக்கு இறுக்கமான ஸ்பிரிங் மூடி, உள்ளே அடர்ந்த பிரஷ், அதற்கும் பின்னால் சத்தம் போடாமல் காத்திருக்கும் நாய். என்னோடு வந்த பாட்டியம்மா கோட்டுப் பையிலிருந்து ஒரு மரக்கரண்டியை எடுத்து, நோட்டீஸை அதன்மேல் மடித்து உள்ளே தள்ளினார். "பத்து விரலும் வேண்டுமென்றால் இது வேண்டும்" என்றார். மறுநாள் எங்கள் வீட்டுத் தோசைத்திருப்பி என் பையில் இருந்தது. தட்டையாக இருப்பதால் மரக்கரண்டியைவிட நன்றாகவே வேலை செய்தது; வீட்டில்தான் திட்டு.

கதவைத் தட்டிப் பேசப் போனால் வாதம் செய்ய வேண்டாம். யாருக்குப் போடுவதாக இருக்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வதே வேலை. அந்த வருடம் எல்லோரும் ஆம்புலன்ஸ் தாமதத்தைப் பற்றித்தான் பேசினார்கள். ஐந்து வருடம் தலையாட்டலோடு நின்றுவிட்ட முகங்கள், அன்றைக்கு வாசலில் கால் மணி நேரம் பேசின. அப்புறம் கடையில் பார்த்தால் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

தேர்தல் நாளன்று ஊர் மண்டபத்திலோ சர்ச் கூடத்திலோ காலை 7 முதல் இரவு 10 வரை ஓட்டுப் போடலாம். மைக் செட் கிடையாது, விரலில் மை கிடையாது, மெஷினும் கிடையாது. நூலில் கட்டித் தொங்கும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். 2023 முதல் படம் போட்ட அடையாளம் கேட்கிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டே போதும். வாசலில் ரிப்பன் பூ குத்திக்கொண்டு சிலர் உங்கள் வாக்காளர் எண்ணைக் கேட்பார்கள். பயப்பட வேண்டாம், அவர்கள் நம் பூத் ஏஜென்ட் மாதிரி கட்சி ஆட்கள். இன்னும் வராத தங்கள் ஆதரவாளர்களைச் சாயங்காலம் போய் அழைத்துவரத்தான் அந்தக் கணக்கு. சொல்ல விருப்பமில்லையென்றால் சொல்ல வேண்டாம்.

விசா பற்றிய பயமும் வேண்டாம். சம்பளம் வாங்காத தொண்டுக்குத் தடையில்லை. நம் ஊராட்சி மாதிரியான பாரிஷ் கவுன்சிலுக்குத் தேர்தலில் நிற்பதென்றால்தான் நிரந்தரக் குடியிருப்பு அனுமதி வேண்டும்.

படிவத்தை அனுப்பிவிட்டு ஆன்லைனில் இருவரும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். நேஷனல் இன்ஷூரன்ஸ் எண் கையில் இருந்தால் ஐந்து நிமிடம். பக்கத்து வீட்டுக்காரரிடம் சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிடுங்கள். ரப்பர் பூட்ஸ் இல்லையென்றால் என்னிடம் ஒரு ஜோடி சும்மா கிடக்கிறது, பத்தாம் நம்பர்.