குடியிருப்போருக்கு மட்டும் வாகன நிறுத்த அனுமதிச் சீட்டு: வடசென்னைத் தெருக்களுக்கு அது பொருந்துமா?

கடைத்தெருவுக்கு வருகிறவர்கள் தங்கள் வண்டிகளை உங்கள் தெருவில் விட்டுச் செல்வதால் அங்கேயே குடியிருக்கும் உங்களுக்கு இடம் கிடைப்பதில்லை என்றும், சில வெளிநாட்டு நகரங்களில் இருப்பதைப்போல் குடியிருப்போருக்கு மட்டும் அனுமதிச் சீட்டு கொடுத்தால் இந்தத் தொல்லை தீருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பகல் தொல்லை தீரும், இரவுத் தொல்லை தீராது என்பதே என் பதில். பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் பிறந்து வளர்ந்து இன்றும் அங்கேயே குடியிருப்பவன் என்ற முறையில், இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஒரே சீட்டால் தீர்க்க முற்பட்டால் என்ன ஆகும் என்பதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

இத்தகைய சீட்டுமுறைக்குச் சட்டத்தின் ஆதரவைப் பெற்றுத் தந்த வழக்கு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஆர்லிங்டன் பகுதியைச் சேர்ந்தது. கிரிஸ்டல் சிட்டி என்ற அலுவலக வளாகத்துக்கு வேலைக்கு வந்தவர்கள், பக்கத்திலிருந்த அரோரா ஹைலண்ட்ஸ் குடியிருப்புத் தெருக்களில் கார்களை விட்டுச் சென்றார்கள். வார நாட்களில் காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை, அங்கே குடியிருப்போரும் அவர்களைத் தேடி வருவோரும் மட்டும் சீட்டுப் பெற்று நிறுத்தலாம் என்று உள்ளாட்சி நிர்வாகம் விதித்தது. பொதுச்சாலையில் ஒருவருக்கு உரிமை கொடுத்து மற்றவருக்கு மறுப்பது சமத்துவத்துக்கு முரணானது என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. வர்ஜீனியா நீதிமன்றங்கள் அதை ஏற்று விதியைச் செல்லாது என்றன. 1977ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, நெரிசலையும் புகையையும் சத்தத்தையும் குறைப்பதற்காக ஓர் உள்ளாட்சி இவ்வாறு வேறுபடுத்தலாம் என்று கூறியது. அந்த விதி பகல் நேரத்துக்கு மட்டுமானது என்பதைக் கவனியுங்கள். வெளியாட்கள் மாலையில் போய்விட்டால் தெருவில் போதிய இடம் இருக்கும் என்பதே அதன் அடிப்படை. நம் தெருக்களில் அந்த அடிப்படை இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பகலைப் பொறுத்தவரை எங்கள் நிலைமை ஆர்லிங்டனின் நிலைமையேதான். ஆடித் தள்ளுபடி தொடங்கியதிலிருந்து தீபாவளி முடியும் வரையிலும், பிறகு பொங்கலையொட்டியும், எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளுக்குத் திருவொற்றியூர், எண்ணூர், மணலி, மீஞ்சூர், பொன்னேரி என்று வடக்கேயிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள். 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டைக்கும், 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ரயில் வந்துவிட்டது. ஆனாலும் குழந்தைகளையும் துணிப்பைகளையும் சுமந்துகொண்டு வருகிறவர்களில் பலர் இரு சக்கர வாகனத்தையே விரும்புகிறார்கள். கடை வாசலில் இடமில்லாததால் அந்த வண்டிகளெல்லாம் பக்கத்துச் சந்துகளுக்குள் வருகின்றன. வீட்டுப் படிக்கட்டை ஒட்டி நிறுத்திவிட்டுப் போனால், வீட்டுக்குள் இருப்பவர் வெளியே வருவதற்கு நாலு வண்டிகளை நகர்த்த வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட சந்துகளில் காலை 10 மணி முதல் இரவு 10 மணி வரை சீட்டு உள்ள வண்டிகள் மட்டும் நிற்கலாம் என்று விதித்து, ஒரு ஆளை நிறுத்திக் கண்காணித்தால், ஒரே பண்டிகைக் காலத்தில் பலன் தெரியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கடைக்காரர்கள் வியாபாரம் குறையும் என்று எதிர்ப்பார்கள். ஆகவே வருகிறவர்கள் வண்டியை விட வேறிடம் காட்டிவிட்டே இதைத் தொடங்க வேண்டும்.

இரவுக்கு வருவோம். இரவில் எங்கள் சந்தில் நிற்கும் வண்டிகள் அனைத்தும் எங்களுடையவை. எதிரெதிர் வீட்டுச் சுவர்களுக்கு இடையே 16 அடி இருக்கிறது. இரண்டு பக்கமும் வாசற்படிகளும் மழைநீர் வடிகாலின் மேல்மூடியும் சேர்ந்து ஆளுக்கு 2 அடியை எடுத்துக்கொள்கின்றன. மிச்சம் 12 அடி, அதாவது சுமார் 3.6 மீட்டர். சிறிய கார் ஒன்றின் அகலம் கிட்டத்தட்ட 1.7 மீட்டர், பக்கக் கண்ணாடிகளையும் கணக்கில் கொண்டால் அது நின்ற பிறகு ஆறு அடிகூட மிஞ்சாது. ஆட்டோ நுழையும், ஏறத்தாழ 2.5 மீட்டர் அகலமுள்ள தீயணைப்பு வண்டி நுழையாது. எனவே எங்கள் சந்துக்கு எத்தனை கார் சீட்டுகள் கொடுக்கலாம் என்று கேட்டால், ஒன்றுகூடக் கொடுக்கக் கூடாது என்பதே நேர்மையான விடை. ஸ்டான்லி மருத்துவமனை எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஆனால் எங்கள் எதிர்வீட்டு ஆயாவுக்கு மூச்சுத்திணறல் வந்த இரவில் 108 வண்டி சந்து முனையிலேயே நின்றுவிட்டது. வண்டிகளின் ஹேண்டில்பார்களை ஒவ்வொன்றாகத் திருப்பி வழி உண்டாக்கிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போனோம். அந்த நேரத்தில் வழியை மறித்துக்கொண்டு நின்ற வண்டிகளில் ஒன்றுகூட வெளியாருடையது இல்லை.

சீட்டு என்பதே நமக்குப் புதிதுமல்ல. எழுதப்படாத சீட்டுமுறை ஒன்று நம் தெருக்களில் பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. பெயின்ட் டப்பாவில் சிமென்டைக் கொட்டி நடுவில் இரும்புக் கம்பியை நட்டு வைத்தவருக்கு அந்த இடம் சொந்தம். ஓடாத பழைய வண்டியைச் சங்கிலியால் கட்டி இடம் பிடித்து வைத்திருப்பவரும் உண்டு. எங்கள் பகுதியில் ஒரு வீட்டுக்காரர் தம் வீட்டு முன்புறச் சாலையில் வண்டி நிறுத்துவதற்குத் தம் குடித்தனக்காரர்களிடமே மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டிருக்கிறார். மாநகராட்சிச் சாலைக்கு ஒரு தனியார் வாடகை வசூலிக்கும்போது எவரும் கேட்பதில்லை. மாநகராட்சியே கட்டணம் கேட்டால் அநியாயம் என்று கூச்சலிடுகிறோம். இது எனக்கு மிகுந்த வேதனையளிக்கிறது. அரசு முத்திரையோடு வரும் சீட்டு இந்தத் தெருச் சண்டியர்த்தனத்துக்கு முடிவு கட்டுமானால், அந்த ஒரு காரணத்துக்காகவே அதை வரவேற்பேன். ஆனால் கவனமின்றி வடிவமைத்தால், ஏற்கெனவே இடம் பிடித்து வைத்திருப்பவர்களின் கைக்கே அந்தச் சீட்டும் போய்ச் சேரும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், குடியிருப்பவர் யார் என்பதை நிரூபிப்பது இங்கே எளிதன்று. வண்ணாரப்பேட்டை, ராயபுரம், கொருக்குப்பேட்டைப் பகுதிகளில் ஒரே கதவு எண்ணில் ஆறேழு ஒண்டிக்குடித்தனங்கள் இருக்கும். வாடகை ஒப்பந்தம் எழுதும் வழக்கம் குறைவு. மின் இணைப்பும் சொத்து வரியும் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். செகண்ட்ஹேண்டில் வாங்கிய வண்டியின் ஆர்.சி. புக் இன்னமும் முந்தைய உரிமையாளர் பெயரிலோ சொந்த ஊர் முகவரியிலோ இருக்கும். வீட்டுப் பத்திரத்தையும் ஆர்.சி. புக்கையும் மட்டும் கேட்டால், வீட்டுக்காரரின் இரண்டு கார்களுக்குச் சீட்டு கிடைக்கும். அதே வாசலில் 20 ஆண்டுகளாகக் குடியிருப்பவரின் ஒரே பைக்குக்குக் கிடைக்காது. ரேஷன் கார்டில் உள்ள முகவரியை ஏற்றுக்கொள்வதும், ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு சீட்டு என்று வரையறுப்பதும் இதற்குப் பொருத்தமான வழி என்பது என் கருத்து.

பிழைப்புக்கான வண்டிகளைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. வாடகைக்கு ஆட்டோ ஓட்டுபவர் பெயரில் ஆர்.சி. புக் இருக்காது. காய்கறி மூட்டை ஏற்றும் ‘குட்டி யானை’ என்ற சிறு சரக்கு வண்டி வணிக வாகனம் என்பதால் குடியிருப்புச் சீட்டுக்குத் தகுதியற்றது என்று எந்த அதிகாரியும் எளிதாகச் சொல்லிவிடலாம். சரக்கேற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்கு என்ன செய்வது? காசிமேட்டில் ஏலத்துக்கு மீன் வந்திறங்கும் நேரத்தில், ஊர் உறங்கிக்கொண்டிருக்கும்போதே அந்த வண்டிகள் தெருவிலிருந்து கிளம்பிவிடுகின்றன. நண்பகலுக்குள் திரும்பிவந்து சுவரோரமாக நிற்கின்றன. வாரத்தில் ஐந்து நாள் அசையாமல் உறை போர்த்தி நிற்கும் காரைவிட, அந்த வண்டிக்குத் தெருவின்மேல் கூடுதல் உரிமை உண்டு. தெருவில் முதலில் தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் வழி. அடுத்து பிழைப்புக்கான வண்டிகள். பிறகு இரு சக்கர வாகனங்கள். இடம் மிஞ்சினால் மட்டுமே கார். சீட்டு எந்த வடிவில் வந்தாலும் இந்த வரிசையை மாற்றக் கூடாது.

மிஞ்சிய இடத்துக்கு மேல் ஒரு சீட்டுகூடக் கொடுக்காமல் இருப்பதில்தான் பல நகரங்கள் தடுமாறியிருக்கின்றன. பாஸ்டன் நகரம் குடியிருப்போருக்குச் சீட்டை இலவசமாகவும் வரம்பின்றியும் கொடுத்தது. நெருக்கமான பழைய பகுதிகளில் இடங்களைவிடச் சீட்டுகள் பெருகிவிட்டன. சீட்டு கையில் இருக்கிறது, இடம்தான் இல்லை என்ற நிலை. ஜப்பான் நேர்மாறான வழியில் போனது. அங்கே 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கார் வாங்குவதற்கு முன்பே அதை நிறுத்தச் சாலைக்கு வெளியே இடம் இருப்பதாகக் காவல்துறையிடம் சான்று பெற வேண்டும். அந்த இடம் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இரவு முழுவதும் சாலையில் காரை விட்டுவைப்பது குற்றம். டோக்கியோவின் குறுகிய சந்துகள் நம் சந்துகளைவிட அகலமானவையல்ல; இருந்தும் அவை மக்கள் நடக்கக்கூடியவையாக இருப்பதற்கு இந்தச் சட்டம் ஒரு முக்கியக் காரணம். பெங்களூரு 2021இல் வெளியிட்ட வாகன நிறுத்தக் கொள்கையில், காரின் அளவுக்கேற்ப ஆண்டுக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை கட்டணம் வாங்கிக்கொண்டு குடியிருப்போருக்குச் சீட்டு தரும் யோசனை இடம்பெற்றது. நாள்கணக்கில் பார்த்தால் மிகப் பெரிய காருக்கே 14 ரூபாய்க்கும் குறைவு. ஒரு காருக்கு 5 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் ஒதுக்கினால் அது சுமார் 135 சதுர அடி. எங்கள் பகுதியில் ஒரு குடும்பம் வாடகை கொடுத்து வாழும் ஓரறை வீடு இதைவிடச் சற்றே பெரிது. அந்தக் குடும்பம் கொடுக்கும் வாடகையோடு ஒப்பிடும்போது நாளொன்றுக்கு 14 ரூபாய் என்பது கட்டணமே அன்று.

சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று சிலர் சொல்வதுண்டு, அது சரியல்ல. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆவது பிரிவு, உள்ளாட்சியைக் கலந்துகொண்டு வாகனங்கள் எங்கே, எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தருகிறது. 127ஆவது பிரிவின்படி, பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கவனிப்பாரின்றி விடப்பட்ட வண்டியை அகற்றச் சீருடையணிந்த காவல் அதிகாரி உத்தரவிடலாம். சென்னைப் பெருநகருக்கென்று ஒரு வாகன நிறுத்தக் கொள்கையைக் கும்டா எனப்படும் ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமமும் தயாரித்திருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை சிக்கல் நடைமுறையில்தான் இருக்கிறது: சாலை மாநகராட்சியுடையது, அபராதம் போடுவது போக்குவரத்துக் காவல்துறை. சீட்டைக் கொடுக்கும் கை ஒன்று, சீட்டில்லாத வண்டியை அகற்றும் கை வேறொன்று என்றால், முதல் மாதத்திலேயே அந்தச் சீட்டுக்கு மதிப்பிருக்காது.

கார் சீட்டே கிடையாது என்று சொல்லப்படும் சந்துகளில் இருப்பவர்கள், தங்கள் காரை எங்கே கொண்டுபோய் விடுவது என்று கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. மாநகராட்சிப் பள்ளி மைதானங்களைக் கேட்காதீர்கள். வடசென்னைப் பிள்ளைகளுக்கு விளையாட இருப்பதே அவ்வளவுதான். மெட்ரோ நிலையங்களின் வாகன நிறுத்தங்கள், மேம்பாலங்களின் அடிப்பகுதிகள், அலுவலக வளாகங்கள் ஆகியவை இரவில் பெரும்பாலும் காலியாகக் கிடக்கின்றன. அவற்றை மாதக் கட்டணத்துக்குத் திறந்துவிட்டால், பத்து நிமிடம் நடந்து போய்க் காரை எடுப்பது யாருக்கும் பெரிய சிரமம் இல்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் பெருஞ்சாலைகளின் ஓரங்களை ஆக்கிரமித்திருப்பது தனிப் பிரச்சினை. அதை இதனோடு கலக்க வேண்டாம்.

சீட்டு இருந்தாலும் தெரு வழிவிட வேண்டிய நாட்கள் உண்டு என்பதையும் விதியிலேயே எழுதிவிட வேண்டும். ஒரு வீட்டில் துக்கம் என்றால் எங்கள் பகுதியில் தெருவில்தான் சாமியானா போட்டு நாற்காலி போடுவோம். ஆடி மாதத்தில் கூழ் வார்க்கும் நாளில் அம்மன் கோயில் தெருவில் வண்டி நிற்க முடியாது. தெரு முனையிலுள்ள கறுப்புத் தொட்டியை நிரப்பக் குடிநீர் லாரி வரும்போது அதற்கும் வழி வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாழ்வான தெருக்களில் தண்ணீர் ஏறினால், வண்டிகளை மேடான இடத்துக்குக் கொண்டுபோகும் மக்களுக்கு அந்த நாட்களில் அபராதம் போடக் கூடாது.

உங்கள் தெருவுக்கு இதைக் கேட்க விரும்பினால், வார்டில் நடக்கும் பகுதி சபைக் கூட்டத்தில் மனு கொடுங்கள். 2022 முதல் அந்த வாய்ப்பு நமக்கு இருக்கிறது. சீட்டு வேண்டும் என்று மட்டும் எழுதாதீர்கள். படிகளையும் வடிகாலையும் கழித்துத் தெருவின் உண்மையான அகலத்தை மாநகராட்சிப் பொறியாளர் அளந்து அறிவிக்க வேண்டும், தீயணைப்பு வண்டிக்கான வழியைத் தரையில் கோடு போட்டுக் காட்ட வேண்டும், கம்பி நட்ட டப்பாக்களையும் சங்கிலிகளையும் முதலில் அகற்ற வேண்டும் என்று கேளுங்கள். பகல் நேரச் சீட்டை ஆடி முதல் தீபாவளி வரை கடைத்தெருவை ஒட்டிய சந்துகளில் மட்டும் சோதித்துப் பார்க்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் சந்தில் சிலர் கையெழுத்துப் போட முன்வந்திருக்கிறார்கள். கார் வைத்திருக்கும் இருவரும் அவர்களில் இருக்கிறார்கள்.