சும்மா நிற்கும் கேரவனை வாடகைக்கு விடலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஊர் உத்தமபாளையம். என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் ரிட்டயர் ஆனதும், வந்த பணத்தில் ஒரு பங்கைப் போட்டு, மீதிக்கு லோன் எடுத்து ஒரு டெம்போ டிராவலர் வாங்கினார். கரூரில் கொண்டுபோய் விட்டு, நாலு பேர் படுக்க பெர்த், சின்ன அடுப்படி, டாய்லெட் எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றினார். வெள்ளை போர்டு வண்டிதான். முதல் வருஷம் கன்னியாகுமரி, மைசூர், கோவா என்று சுற்றினோம். அப்புறம் எனக்கு மூட்டுவலி வந்துவிட்டது. வண்டி பெரும்பாலும் ஷெட்டில்தான் நிற்கிறது. மாதத் தவணை 21,000 ரூபாய். குமுளியில் ஹோம்ஸ்டே நடத்தும் என் தம்பி, "அக்கா, சும்மா நிக்கிற வண்டியக் குடு. நாள் வாடகை ஏழாயிரம். வருஷத் தவணையில பாதி சபரிமலை சீசன்லயே வந்துரும். செக்கிங்ல கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லிக்கலாம்" என்கிறான். வீட்டுக்காரர் சரியென்றும் சொல்வதில்லை, வேண்டாமென்றும் சொல்வதில்லை. காலையில் எழுந்ததும் துணியை எடுத்துக்கொண்டு வண்டியைத் துடைக்கப் போய்விடுகிறார். என்ன செய்வது?
(பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்: டீச்சர், நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்தக் கார்த்திகைக்குத் தம்பியிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். அவர் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்று நான் சொல்லவில்லை. அக்காவுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார். ஆனால் அவர் சொல்கிற வழியில் போனால் வருமானம் மூன்று பேருக்கும், வம்பு உங்கள் வீட்டுக்காரர் ஒருவருக்கும் என்று ஆகிவிடும். ஆர்.சி.யில் இருப்பது அவர் பெயர்தானே?

அந்த "சொந்தக்காரங்க" யோசனையை முதலில் பார்ப்போம். நம் பக்கத்தில் எல்லோரும் சொல்கிற யோசனை இது. ஏலத்தோட்டத்துக்குக் கூலி ஆள் ஏற்றிப் போகும் வெள்ளை போர்டு ஜீப்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், இந்தப் பதில் எத்தனை தூரம் எடுபடும் என்று அவர்களே சொல்வார்கள். செக்கிங்கில் நிற்கும் அதிகாரி டிரைவரிடம் கேட்க மாட்டார். உள்ளே உட்கார்ந்திருப்பவரிடம், "வாடகை எவ்வளவு சாமி?" என்பார். மாலை போட்டு விரதம் இருக்கிற மனுஷன் உங்களுக்காகப் பொய் சொல்வாரா? அப்படியே சொன்னாலும், அட்வான்ஸ் அனுப்பிய ஜிபே கணக்கு அவர் செல்போனிலேயே இருக்கும்.

மோட்டார் வாகனச் சட்டப்படி, வாடகைக்கு ஓடும் வண்டிக்குப் பெர்மிட் வேண்டும். பெர்மிட் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. வண்டியைப் பிடித்து வைத்துவிட்டால் அன்றைய பயணமும் போச்சு. இருமுடியோடு நடுரோட்டில் நிற்கும் குடும்பத்துக்கு வேறு வண்டி பிடித்துக் கொடுக்கும் வேலை தம்பி தலையில் விழும்.

அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். எனக்குப் பயம் இன்சூரன்ஸை நினைத்துத்தான். பீரோவில் இருக்கும் பாலிசியை எடுத்துப் படியுங்கள். சொந்தக் காருக்கான பாலிசியில், வண்டியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் இடத்தில், வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டினால் செல்லாது என்று எழுதியிருக்கும். வண்டி மலையில் உருண்டால் வண்டிக்கான பணம் வராது. அதைவிடப் பெரியது, எதிரே வந்தவருக்கு உயிர்ச்சேதம் ஆகிவிட்டால் நடப்பது. விபத்து இழப்பீட்டு வழக்குகளில், இழப்பீட்டை முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பு வருவது உண்டு. வண்டிக்காரர் என்றால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர். அன்று வண்டியை யார் ஓட்டினார், யார் வாடகை வாங்கினார் என்பதெல்லாம் பிறகு நீங்களும் தம்பியும் வீட்டுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய சமாச்சாரம். அந்தப் பேச்சு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, கூட்டிப் போக ஆள் வேண்டாம், வருகிறவர்களே ஓட்டிக்கொள்ளட்டும் என்றாலும் முடியாது. சாவியைக் கையில் கொடுக்கும் வாடகைக்கு என்று கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துப் போட்ட வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். 1989-ல் வந்த ரென்ட்-எ-கேப் திட்டத்தில் குறைந்தது 50 கார் வைத்திருக்கும் நிறுவனத்துக்குத்தான் அந்த உரிமம். ஒரே ஒரு கேரவன் வைத்திருக்கும் உத்தமபாளையத்துத் தம்பதிக்கு அது பொருந்தாது.

சட்டம் இடம் கொடுத்தாலும் நான் சாவியைக் கொடுக்க மாட்டேன். சீசனில் போக்குவரத்தைப் பிரித்துவிடும்போது கம்பம்மெட்டு வழியாக ஏறி, குமுளி வழியாக லோயர் கேம்ப்புக்கு இறங்க வேண்டும். சமவெளியிலேயே ஓட்டிப் பழகியவர் அந்த இறக்கத்தில் நாலாவது கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். பாதி தூரத்திலேயே கருகிய வாசனை அடிக்கும். கொஞ்ச நேரத்தில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். உங்கள் வண்டியில் கட்டில், தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, அடுப்பு என்று கரூரில் ஏற்றிய எடை வேறு இருக்கிறது. அந்த எடையோடு இரண்டாவது கியரில் இன்ஜின் பிடிப்பில் இறங்கத் தெரிந்தவர் உங்கள் வீட்டுக்காரர். வாடகைக்கு எடுப்பவருக்கு அது தெரியுமா என்று எந்த லைசென்ஸிலும் எழுதியிருக்காது.

அப்புறம் டாய்லெட். இதைப் பற்றித் தம்பி பேசியிருக்கவே மாட்டார், யாரும் பேச மாட்டார்கள். நாலு பேர் மூன்று நாள் போய்வந்த வண்டியின் கழிவுத் தொட்டியை எங்கே திறப்பார்கள்? நீங்கள் போனபோது வீட்டுக்குத் திரும்பி வந்து செப்டிக் டேங்கில் விட்டிருப்பீர்கள். வாடகைக்காரர் இருட்டியதும் ஓரமாக நிறுத்தி வால்வைத் திருகிவிடுவார். கேரளத்தில் இதற்கு வழக்கும் உண்டு, வண்டிப் பறிமுதலும் உண்டு. லோயர் கேம்ப்புக்கு இந்தப் பக்கம் என்றால் முல்லைப் பெரியாற்றில் போய்ச் சேரும். அது நாம் குடிக்கிற தண்ணீர்.

அப்படியானால் வழியே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. ஆனால் அதற்கு வண்டியை மஞ்சள் போர்டுக்கு மாற்ற வேண்டும், உங்களுக்குத் தெரிந்த டிரைவரோடு மட்டுமே அனுப்ப வேண்டும்.

அதில் இறங்குவதற்கு முன்னால் ஆர்.சி.யை எடுத்து ஒரு தடவை படியுங்கள். கரூரில் செய்த மாற்றத்தை ஆர்டிஓவில் காட்டி, கேரவன் என்று பதிவு செய்தார்களா, இல்லை, வாங்கியபோது இருந்த சீட்டுக் கணக்கே அப்படியே இருக்கிறதா? பதிவு செய்யவில்லை என்றால், வாடகைப் பேச்சை விடுங்கள், நீங்கள் இருவரும் மூணாறு போவதே சிக்கல்தான். கேரள மோட்டார் வாகனத் துறை இந்த விஷயத்தில் கறார். 2021 ஆகஸ்டில் கண்ணூரில் யூடியூப் நடத்தும் சகோதரர்கள் இருவரின் கேரவனை, அனுமதியில்லாத மாற்றங்கள் என்று சொல்லிப் பிடித்து வைத்தது ஊரெல்லாம் பேச்சானது.

பதிவு சரியாக இருந்தால், லோன் கொடுத்த வங்கியிடம் ஆட்சேபனை இல்லை என்று கடிதம் வாங்கி, தேனி ஆர்டிஓவில் மாற்றத்துக்குக் கொடுக்க வேண்டும். கேரவனுக்கு எந்தப் பெர்மிட் பொருந்தும், ஆயுள் வரி கட்டியிருந்தால் அது என்ன ஆகும் என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். கேரளத்துக்குள் நுழையும்போது வரி நிலவரம் எப்படி என்பதைக் குமுளிக்குத் தினமும் போய்வரும் டிராவல்ஸ்காரர்களிடம் விசாரியுங்கள். அவர்களுக்குத்தான் நேற்று வரைக்குமான சேதி தெரியும். எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ், எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பிறகு வருஷா வருஷம். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, ஜிபிஎஸ் எல்லாம் பொருத்தச் சொல்வார்கள். டிரைவருக்கு பேட்ஜ் (வாடகை வண்டி ஓட்டுவதற்கான தனி அனுமதி) தேடி அலைய வேண்டியதில்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு சாதாரண இலகுரக லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது.

இவ்வளவும் செய்தால் தவணை கட்டுமா? தம்பி கணக்கையே எடுத்துக்கொள்வோம். சபரிமலை சீசன், கோடை லீவு, ஓணம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 40 நாள் வண்டி ஓடுகிறது என்று வையுங்கள். 2,80,000 ரூபாய். உங்கள் வருஷத் தவணை 2,52,000. பார்த்தால் கட்டுபடியாகிற மாதிரிதான் இருக்கிறது. டீசல் வாடகைக்காரர் பாடு. ஆனால் ஆக்டிங் டிரைவருக்குச் சம்பளமும் பேட்டாவுமாக நாளுக்கு 1,500 போனால் 60,000. ஆள் பிடித்துத் தரும் தம்பிக்குப் பத்து சதவீதம் கொடுக்காமல் இருப்பீர்களா? அது 28,000. மஞ்சள் போர்டு இன்சூரன்ஸ், வரி, பெர்மிட், எஃப்.சி. எல்லாவற்றுக்கும் ஒரு 70,000 ஒதுக்குங்கள். டயர், சர்வீஸ், மெத்தை உறை, உடைந்த தாழ்ப்பாள், ஒவ்வொரு தடவையும் உள்ளே கழுவ ஆள் கூலி என்று ஒரு 40,000. மிஞ்சுவது 82,000. நாலு மாதத் தவணைக்கே இரண்டாயிரம் குறைகிறது. செலவுகளை நான் கைக்கணக்காகத்தான் போட்டிருக்கிறேன், உங்கள் வண்டிக்கு ஏற்ப ஏறும் இறங்கும். ஆனால் தம்பி சொன்ன கணக்கில் ஒரு செலவும் இல்லை.

எண்பதாயிரமும் சும்மா வருகிற பணம் இல்லைதான். அதற்காக நீங்கள் இருவரும் இந்த வயதில் போன் எடுத்து, டிரைவரைத் தேடி, படுக்கை உறை துவைத்து, "ஏசி சரியாக ஓடவில்லை" என்பவரிடம் பேசி நிற்கத் தயாரா? மின்வாரியத்தில் இத்தனை வருஷம் புகார் கேட்டவரிடம் மறுபடியும் புகார் கேட்கச் சொல்கிறோம், பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு யோசனையும் உண்டு. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்து, அடுத்த வருஷம் வாகமண்ணில் முதல் கேரவன் பார்க்கும் திறந்தார்கள். அதைப் பார்த்துத் தம்பி, வண்டியை ஹோம்ஸ்டே வளாகத்தில் நிறுத்தி ஒரு ரூம் மாதிரி விடலாமே என்று அடுத்துக் கேட்கலாம். வண்டி ரோட்டில் ஓடாது என்பதால் மலை இறக்கக் கவலை இல்லை. ஆனாலும் அதற்கு இன்சூரன்ஸ் செல்லுமா என்று கம்பெனியிடம் எழுத்தில் பதில் வாங்காமல், ஹோம்ஸ்டே உரிமத்தில் அதற்கு இடமுண்டா என்று பார்க்காமல் தலையாட்டாதீர்கள். கரன்ட் வீட்டிலிருந்துதான் வர வேண்டும், ஜெனரேட்டர் கூடவே கூடாது. 2024 டிசம்பரில் வடகரையில் ரோட்டோரம் நிறுத்திய கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் ஏறியதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. குளிருக்குக் கதவு ஜன்னலை அடைத்துவிட்டு உள்ளே அடுப்பைப் பற்றவைத்தாலும் இதே ஆபத்துதான். இதை விருந்தாளி ஒவ்வொருவருக்கும் சொல்லிப் புரியவைக்க ஆள் இருக்கிறதா என்று தம்பியிடம் கேளுங்கள்.

என்னைக் கேட்டால், உங்கள் கேள்வி வாடகையைப் பற்றியது இல்லை, தவணையைப் பற்றியது. அதற்கு நேரடியான வழி, லோன் பாக்கியையும் வண்டியின் இன்றைய விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பதுதான். பாக்கியைவிட விலை கூடுதலாகக் கிடைக்கும் என்றால், விற்று லோனை அடைத்துவிட்டு, போகவேண்டிய நேரத்தில் டிரைவரோடு ஒரு டிராவலரை நீங்களே வாடகைக்கு எடுங்கள். மூட்டுவலிக்காரருக்கு வசதியாகச் சாயும் சீட் இருக்கும் வண்டியாகப் பார்த்து எடுக்கலாம். விலை குறைவாக இருந்தால், விற்கவும் வேண்டாம், வாடகைக்கும் வேண்டாம், கையில் உள்ளதில் கொஞ்சம் கட்டித் தவணையைக் குறைக்க முடியுமா என்று வங்கியில் பேசுங்கள்.

ஆனால் இந்தக் கணக்கைத் தனியாகப் போடாதீர்கள். வாய் திறக்காமல் துணியை எடுத்துக்கொண்டு போகிறவர், "வேண்டாம்" என்று சொன்னால் நீங்கள் தவணையைக் காட்டிச் சண்டை போடுவீர்கள் என்று பயப்படுகிறாரோ என்னவோ. "வாடகைக்கு விடலாமா?" என்று கேட்காதீர்கள். "அடுத்த வருஷம் இந்த வண்டியில நாம எங்க போகப் போறோம்?" என்று கேளுங்கள். அவர் ஒரு ஊர்ப் பெயரும் தேதியும் சொன்னால் வண்டி இருக்கட்டும். சொல்ல முடியாமல் விழித்தால், விற்பதைப் பற்றி அன்றைக்கே பேசிவிடலாம்.

தம்பி ஏற்கெனவே யாரிடமாவது அட்வான்ஸ் வாங்கியிருந்தால் இந்த வாரமே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். மாலை போட்ட பிறகு அந்தக் குடும்பம் வேறு வண்டிக்கு அலையக் கூடாது.