கறிக்கு ஆடு வளர்ப்பு: கணக்குக் கேள்விகள்

குட்டி விற்ற பணத்தில் அது தின்ற தீவனச் செலவைக் கழித்தால் லாபம்தான். ஆனால் ஆண்டு முடிவில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லையே?

குட்டி தின்றதைக் கழித்தீர்கள். தாய் தின்றதை யார் தலையில் எழுதுவது? ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாட்கள். 8 மாதத்துக்கு ஓர் ஈற்று என்றால் 2 ஆண்டில் 3 ஈற்று. ஆண்டுக்கு ஒன்று என்று தள்ளிப்போனால் இரண்டே. பெட்டை கிடாவைத் தேடும் பருவம் ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் அடுத்தது வர 21 நாட்கள் ஆகும். அத்தனை நாளும் பெட்டைக்குச் சும்மா தீவனம் போடுகிறீர்கள்.

பெட்டை, கிடா இரண்டின் தீவனம், மருந்து, கொட்டகைத் தேய்மானம், கூலி எல்லாவற்றையும் கூட்டுங்கள். (வீட்டார் உழைப்புக்கும் கூலி உண்டு. அதை விட்டுவிட்டுத்தான் பலர் லாபம் காட்டுகிறார்கள்.) அந்தத் தொகையைப் பால் மறந்து உயிரோடு நிற்கும் குட்டிகளால் வகுக்க வேண்டும், பிறந்தவற்றால் அல்ல. 30 பிறந்து 6 செத்தால், மீதி 24 குட்டிகள் ஒவ்வொன்றின் மீதும் தாய்ச்செலவு கால் பங்கு கூடுகிறது. பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்கவைப்பதைவிடக் குறைந்த செலவில் லாபம் தரும் வேலை கொட்டகையில் வேறில்லை.

உயர்ரகப் பொலிகிடா வாங்கலாமா? விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது.

எத்தனை பெட்டைகள் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லையே! வளர்ந்த கிடா ஒன்று 25 முதல் 30 பெட்டைகளுக்குப் போதும். அவ்வளவு இருந்தால் வாங்கலாம்; விலை குட்டிகள் மேல் பரவிவிடும். ஐந்தாறுதான் என்றால் அக்கம்பக்கத்தாரோடு கூட்டாக வாங்குங்கள். அதன் பெண்குட்டிகள் பருவத்துக்கு வருமுன் கிடாவை மாற்றிவிட வேண்டும். சிறிய உடற்கட்டுள்ள பெட்டைகளுக்குப் பெருத்த இனக் கிடாவைச் சேர்க்காதீர்கள். ஈனும்போது தாயும் போகும், குட்டியும் போகும்.

எந்த எடையில் விற்பது?

எடையை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிறுத்து, கூடிய எடையின் விலையையும் அந்த இரண்டு வாரத் தீவனச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். செலவு மிஞ்சத் தொடங்கும் வாரமே விற்கும் வாரம். இளங்குட்டி தின்பது சதையாகிறது. வயது ஏறினால் கொழுப்பாகிறது, அதற்குத் தீவனம் அதிகம் பிடிக்கும். இடுப்புக்கு மேல் முதுகைத் தடவிப் பாருங்கள்: எலும்பு முனைகள் விரலில் குத்தினால் இன்னும் சதை பிடிக்கவில்லை, தேடினாலும் தட்டுப்படவில்லை என்றால் நாள் கடந்துவிட்டது.

இரட்டைக் குட்டி போடும் பெட்டைதான் லாபமா?

இரண்டுக்கும் பால் இருந்தால்.

சினை நிற்காத பெட்டையை மந்தையிலிருந்து கழித்துவிடலாமா?

ஒன்றுதான் நிற்கவில்லை என்றால் அதைக் கழியுங்கள். பல நிற்கவில்லை என்றால் முதலில் கிடாவைப் பரிசோதியுங்கள்.