சிறைக்குள் கஞ்சா பிடிபட்டால்: புதிய தண்டனை பழையதோடு சேருமா, பின்னால் நிற்குமா?

கேள்வி: கொலை முயற்சி வழக்கில் 7 ஆண்டு தண்டனை பெற்ற என் தம்பி மத்திய சிறையில் ஐந்தாவது ஆண்டில் இருக்கிறான். மருத்துவமனைக்கு அழைத்துப் போய்த் திரும்பியபோது வாசல் சோதனையில் 30 கிராம் கஞ்சா சிக்கியதாம். தனி செல்லில் போட்டார்கள், ரிமிஷனை (நன்னடத்தைக்காகக் கிடைக்கும் தண்டனைக் குறைப்பை) வெட்டினார்கள். இப்போது போலீஸ் வழக்கும் வந்திருக்கிறது. ஒரே தப்புக்கு இரண்டு தண்டனையா? "ஒத்துக்கொண்டால் இருக்கிற தண்டனையோடு கழிந்துவிடும்" என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?
- ஒரு வாசகி

பதில்: அவசரப்பட்டு ஒத்துக்கொள்ள வேண்டாம். அந்த யோசனையைச் சொன்னவர் சட்டத்தைத் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார்.

ஏற்கெனவே தண்டனை அனுபவிப்பவருக்கு இன்னொரு வழக்கில் சிறைத்தண்டனை விதித்தால், முதல் தண்டனை முடிந்த பிறகே இரண்டாவது தொடங்கும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 467ஆம் பிரிவு சொல்வது இதைத்தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதுவே 427. இரண்டும் ஏககாலத்தில் ஓட வேண்டுமானால் நீதிபதி அதைத் தீர்ப்பில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் தண்டனை அடுத்தடுத்துதான். ஆயுள் தண்டனைக் கைதிக்கு மட்டும் புதிய தண்டனை தானாகவே ஏககாலத்தில் ஓடும். உங்கள் தம்பிக்கு அந்தச் சலுகை இல்லை.

"உள்ளே இருந்த நாளைக் கழித்துக்கொள்வார்கள்" என்ற நம்பிக்கையும் உதவாது. விசாரணைக் காவலில் இருந்த நாட்களைத்தான் தண்டனையில் கழிக்க முடியும். அவர் இப்போது உள்ளே இருப்பது பழைய தண்டனைக்காக. அந்த நாட்களைப் புதிய வழக்கின் கணக்கில் எழுத முடியாது.

இனி வழக்கின் கனத்தைப் பார்ப்போம். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் தண்டனை எடையைப் பொறுத்தது. கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. சிறிய அளவுக்கு 20ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிறைக்குள் வைத்திருந்தார் என்பதற்காக இந்தச் சட்டத்தில் உச்சவரம்பு உயராது. குறைந்தபட்சத்துக்கு மேல் தண்டனை கொடுக்கக் காரணங்களை அடுக்கும் 32பி பிரிவு கல்வி நிலையத்தைச் சொல்கிறது, சிறையைச் சொல்லவில்லை. ஆனால் நீதிபதி மனதில் அது உறுத்தாமல் இருக்காது. அதற்குப் பதில் சொல்ல வக்கீல் தயாராக இருக்க வேண்டும்.

(பிடிபட்டது மாத்திரையாக இருந்தால் நான் இவ்வளவு நிதானமாக எழுதியிருக்க மாட்டேன். பதற்றத்துக்குத் தரும் அல்பிரசோலம் மாத்திரைக்குச் சிறிய அளவு 5 கிராம்தான். மருந்தை மட்டும் பிரித்து எடை போடுவதில்லை, கலந்திருக்கும் மாவுப்பொருளும் சேர்ந்தே கணக்கு என்று ஹீரா சிங் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 100 மில்லிகிராம் எடையுள்ள மாத்திரை என்றால் ஐம்பதிலேயே வரம்பு வந்துவிடும். அதைத் தாண்டினால் 10 ஆண்டு வரை போகலாம்.)

உங்கள் வக்கீல் குறிவைக்க வேண்டியது அந்த "அல்லது" என்ற சொல்லை. குற்றம் நிரூபணமானாலும் அபராதத்தோடு முடிக்கும்படி கேட்கலாம். சிறைத்தண்டனையே இல்லாவிட்டால் சேருமா, பின்னால் நிற்குமா என்ற கேள்விக்கே இடமில்லை. சிறைதான் என்று நீதிபதி முடிவெடுத்தால், அன்றைக்கே 467ஐச் சொல்லி ஏககாலம் கேட்க வேண்டும். முந்தைய தீர்ப்பின் நகலும், தண்டனை எப்போது முடிகிறது என்று காட்டும் சிறைப் பதிவும் கையில் இருக்கட்டும். பல வழக்குகளில் நீதிபதி மறுத்ததால் அல்ல, யாரும் கேட்காததால்தான் தண்டனை அடுக்காகிறது. பிறகு மேல்நீதிமன்றத்தில் கேட்பது பெரும் பாடு.

அரசுத் தரப்பு முகமது ஜாகித் வழக்கை எடுத்துக் காட்டும். ஹெராயின் கடத்தலில் 12 ஆண்டும், இன்னொரு ஹெராயின் வழக்கில் 15 ஆண்டும் தண்டனை பெற்றவருக்கு ஏககாலம் தர 2021இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. போதைப்பொருள் வழக்கில் இரக்கம் கூடாது என்றும் சொன்னது. அவர் கடத்தல்காரர், இது 30 கிராம் என்ற வித்தியாசத்தை வக்கீல் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இரண்டு தண்டனையா என்று கேட்டீர்கள். தனி செல்லில் அடைத்ததும் ரிமிஷனை வெட்டியதும் 1894ஆம் ஆண்டு சிறைச் சட்டப்படி சூப்பிரண்டு எடுக்கும் ஒழுங்கு நடவடிக்கை. அது நீதிமன்றத் தண்டனை ஆகாது என்பதால், ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை தண்டிக்கக் கூடாது என்னும் அரசமைப்பின் 20(2) பிரிவைக் காட்டிப் போலீஸ் வழக்கை நிறுத்துவது கடினம். அதே சிறைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் அவரை மாஜிஸ்திரேட்டிடம் அனுப்பி ஏற்கெனவே தண்டனை வாங்கித் தந்திருந்தால் கதை வேறு. அப்போது இந்த வாதம் வலுவானது. எந்தப் பிரிவில் நடவடிக்கை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தனி செல்லில் அடைத்ததை மாவட்ட அமர்வு நீதிபதியின் பார்வைக்குக் கொண்டுபோனார்களா என்றும் கேளுங்கள். சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயம் ஆக்கியிருக்கிறது.

ஒத்துக்கொள்வதில் இன்னொரு சிக்கல் உண்டு. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் விதிக்கும் தண்டனைக்கு, 27ஆம் பிரிவு தவிர, ரிமிஷன் கிடையாது. கொலை முயற்சித் தண்டனையில் நாள் குறையும், கஞ்சா தண்டனையில் ஒரு நாளும் குறையாது. பின்னாளில் மறுபடி சிக்கினால் 31ஆம் பிரிவில் தண்டனை ஒன்றரை மடங்கு வரை ஏறவும் இது வழி திறக்கும். 27 என்பது உட்கொண்ட குற்றத்துக்கானது. கஞ்சா என்றால் ஆறு மாதம் வரை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எஃப்.ஐ.ஆரில் 20 போட்டிருக்கிறார்களா, 27 போட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

தம்பி உண்மையிலேயே அந்தப் பழக்கத்துக்கு அடிமையாகியிருந்தால் 64ஏ பிரிவு இருக்கிறது. சிறிய அளவு வழக்கில் சிக்கியவர் தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்காக வழக்கு நடத்த முடியாது. இதை எடுத்துப் பேசும் வக்கீல்கள் குறைவு. உள்ளே இருப்பவர் தானாக மருத்துவமனைக்குப் போக முடியாதே. சிறை மருத்துவரிடம் எழுதிக் கொடுத்து, நீதிமன்றத்திலும் மனு போட வேண்டும்.

வழக்கின் கால அளவையும் கவனியுங்கள். ஓராண்டு வரை தண்டனையுள்ள குற்றத்துக்கு ஓராண்டுக்குள் குற்றப்பத்திரிகை வர வேண்டும். தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றாலும் எதிர்த்து வாதாடலாம். எடை போட்டபோது விதையும் இலையும் மட்டும் தனியாக இருந்தனவா என்று மகஜரில் (பறிமுதல் செய்தபோது எழுதிய பதிவில்) பாருங்கள்; பூவோ காயோ சேராத வெறும் இலை சட்டப்படி கஞ்சா இல்லை.

ஜாமீன் இப்போது வீண் என்று தோன்றும். பழைய தண்டனையில்தானே உள்ளே இருக்கிறார். இருந்தாலும் அது முடிவதற்குள் எடுத்து வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் விடுதலை நாளன்றே விசாரணைக் கைதியாக அங்கேயே தங்க நேரிடும். அபராதம் மட்டும் விதித்தால் உடனே கட்டிவிடுங்கள். கட்டாததற்காக வரும் சிறைக்காலம் எந்தத் தண்டனையோடும் ஏககாலத்தில் ஓடாது. அடுத்த முறை மனு பார்க்க (தம்பியைச் சிறையில் சந்திக்க) போகும்போது, யாராவது "இதைத் தம்பியிடம் கொடுத்துவிடு" என்று ஒரு பொட்டலம் நீட்டினால் கையில் வாங்காதீர்கள்; வாங்கினால் நீங்களும் இதே மாதிரி வழக்கில் சிக்க நேரிடும்.