பதில்: வேர்ட்பிரஸ் செருகுநிரலில் (plugin) 40 சரங்கள் (திரையில் தெரியும் சொற்றொடர்கள்) மொழிபெயர்த்தும் தளத்தில் ஒன்றும் மாறவில்லை

நீங்கள் செய்தது வீணாகவில்லை நண்பரே. வேர்ட்பிரஸில் நாம் இடுவது முதலில் பரிந்துரைதான். தமிழ்த் தொகுப்பாளர் ஒருவர் ஏற்கும்வரை 'காத்திருப்பு' நிலையிலேயே கிடக்கும். பாலிகிளாட்ஸ் (வேர்ட்பிரஸின் மொழிபெயர்ப்புக் குழு) பக்கத்தில் செருகுநிரலின் பெயரோடு பணிவாக ஒரு இடுகை போடுங்கள். ஏற்ற பிறகும், சரங்களில் 90 விழுக்காடு முடிந்தால்தான், மொழிபெயர்ப்பைத் தளத்துக்குக் கொண்டுவரும் முதல் மொழிப்பொதி உருவாகும். அது எனக்கும் எரிச்சல்தான்.

ஒன்று கவனித்தேன். "10 பக்கங்களில் 2ஆம் பக்கம்" என்று வர வேண்டிய சரத்தில் ஆங்கில வரிசையையே வைத்திருக்கிறீர்கள், "2 பக்கங்களில் 10ஆம் பக்கம்" என்று வந்துவிடும். சதவீதக் குறியோடு வரும் இடங்காட்டிகளில் (%1$s, %2$s போல, பக்க எண்கள் வந்து அமரும் இடங்கள்) 1, 2 என்ற எண்ணைத் தொடாமல், இரண்டையும் இடம் மட்டும் மாற்றிப் போடுங்கள். ஒன்றை விட்டுவிட்டால் எச்சரிக்கை வரும், தொகுப்பாளரும் தயங்குவார்.