வட அமெரிக்கப் புறநகர் ரயில்கள்: கேள்வி பதில்

கேள்வி: எந்த ஊர் ரயில் முதலிடம்?

பட்டியல் போட மாட்டேன். வரைபடத்தில் கோடுகளை எண்ணாதீர்கள்; வேலை நாளில் பகல் 11 மணிக்கு அடுத்த ரயில் எப்போது என்று அட்டவணையைப் பாருங்கள். பிலடெல்பியாவில் எல்லாத் தடமும் மின்மயம். 1984-இல் நடு ஊருக்கு அடியில் சுரங்கம் வெட்டி இரண்டு பழைய கம்பெனிகளின் தடங்களை இணைத்தார்கள். ஒரு பக்கம் நுழைந்த ரயில் மறுபக்கம் போய்விடும். இருந்தும் பல தடங்களில் பகலில் மணிக்கு ஒன்றுதான்.

கேள்வி: நியூயார்க்கில் ஏன் அப்படி ஓட்டுவதில்லை?

நியூயார்க் நடுவிலுள்ள பென் ஸ்டேஷனில் ஆட்களை இறக்கிவிடும் நியூஜெர்சி ரயில்கள் பல, ஆற்றுக்கு அடியில் கிழக்கே போய் குயின்ஸின் சன்னிசைடு யார்டில் நிற்கின்றன, காலியாக. தடம் இருக்கிறது, கரண்ட்தான் சிக்கல். நியூஜெர்சி மின்ரயிலுக்கு மேல்கம்பி. அங்கிருந்து கிழக்கே ஓடும் லாங் ஐலண்ட் ரயிலுக்கோ தடத்தின் பக்கத்திலேயே ஓடி மின்சாரம் தரும் மூன்றாம் தண்டவாளம், 750 வோல்ட் டிசி.

கேள்வி: சாக்கு. நியூயார்க்கின் வடக்குப் புறநகர்களுக்கு ஓடும் மெட்ரோ நார்த்துக்கும் அதே 750 வோல்ட், இரண்டையும் நடத்துவதும் அதே எம்.டி.ஏ. என்ற அரசு அமைப்பு. இந்த இரண்டையாவது மாற்றி ஓட்டலாமே?

வோல்ட் ஒன்று, ஷூ (தண்டவாளத்தைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் பாகம்) வேறு. லாங் ஐலண்டில் ஷூ மூன்றாம் தண்டவாளத்தின் மேல்பரப்பில் உரசிப் போகும். மெட்ரோ நார்த்தில் அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்தும்; மேல்புறம் மூடியிருப்பதால் பனி படிவது குறைவு. லாங் ஐலண்டின் எம்7, மெட்ரோ நார்த்தின் எம்7ஏ பெட்டிகள் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் தடம் மாற முடியாது.

கேள்வி: மெட்ரோ நார்த்தின் நியூஹேவன் தடத்தில் ஓடும் எம்8 பெட்டி?

சரியான பிடி. அதன் ஷூ இரண்டு வகைக்கும் ஒத்துவரும், மேல்கம்பியிலும் ஓடும். ஆக, பெட்டி செய்ய முடியாது என்ற பேச்சு எடுபடாது. ஆனால் 2023-இல் மெட்ரோ நார்த்தின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்துக்கு அடியில் திறந்த லாங் ஐலண்ட் நிலையத்துக்கு மேலே உள்ள மெட்ரோ நார்த் தடங்களோடு இணைப்பே கிடையாது. சுமார் 1,100 கோடி டாலரில் இன்னொரு முட்டுச்சந்து!

கேள்வி: பாஸ்டன்–பிராவிடன்ஸ் தடத்தில் மேலே கம்பி இருந்தும் டீசல் எஞ்சின் ஏன்?

கம்பி ஆம்ட்ராக் என்ற நெடுந்தூர ரயிலுக்காகப் போட்டது. பாஸ்டன் புறநகர் ரயிலை நடத்தும் எம்.பி.டி.ஏ.விடம் மின் எஞ்சின் இல்லை.

கேள்வி: டொராண்டோவின் ஸ்கார்பரோவிலிருந்து கோ என்ற புறநகர் ரயிலில் போக, தட்டிப் பணம் கட்டும் பிரெஸ்டோ கார்டு போதுமா?

போதும். இறங்கும்போதும் தட்டுங்கள். பணம் திரும்பப் பெறுவதெல்லாம் பிரெஸ்டோவிடம் கேளுங்கள்.

கேள்வி: சிகாகோவா டொராண்டோவா, எது பெஸ்ட்?

முதல் பதிலைப் பாருங்கள். பகல் 11 மணி அட்டவணைதான்.

கேள்வி: சான் பிரான்சிஸ்கோ புறநகர் ரயிலான கால்ட்ரெயின் மின்சாரத்துக்கு மாறியதில் என்ன லாபம்?

இது கேள்வி! டீசலில் ஒரே எஞ்சின் மொத்த வண்டியையும் இழுக்க வேண்டும். 2024 செப்டம்பரில் முழுசாக வந்த ஸ்டாட்லர் கம்பெனியின் மின்ரயிலில் மோட்டார்கள் வண்டி நெடுக உண்டு. நின்று கிளம்பும்போது சட்டென்று வேகம் பிடிக்கும். அதனால் எல்லா நிலையத்திலும் நிற்கும் ரயிலுக்குத்தான் நேரம் அதிகம் மிச்சம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: சனி, ஞாயிறு மணிக்கு ஒன்று என்றிருந்தது அரை மணிக்கு ஒன்றாகிவிட்டது.